நாலு துளை: அம்பாசமுத்திரத்து மர உருண்டைகளில் கரிம வேதியியல் கற்ற ஒரு வகுப்பு

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், பத்தமடை, விக்கிரமசிங்கபுரம் என்று சுற்று ஊர்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். தமிழ் வழி வகுப்பு. இந்தக் குறிப்பு ஒரே ஒரு வகுப்பைப் பற்றியது. கரிம வேதியியலுக்கு மூலக்கூறு மாதிரிகளைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்து நடத்தியபோது எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எழுதி வைக்கிறேன். வேறு ஊரில் இதைச் செய்ய நினைக்கிற ஆசிரியர் யாருக்காவது உதவட்டும்.

மீத்தேனின் வடிவம் என்ன என்று கேட்டால் எங்கள் வகுப்பில் தப்பாகச் சொல்பவர் கிடையாது. "நான்முகி சார், 109 டிகிரி 28 நிமிடம்" என்று கடைசி பெஞ்சிலிருந்தும் பதில் வரும். நாலு முக்கோண முகமும் நாலு மூலையும் உள்ள வடிவம் அது; நடுவில் கார்பன், மூலைகளில் நாலு ஹைட்ரஜன், எந்த இரண்டு கைகளுக்கும் நடுவில் அந்தக் கோணம். அந்த வடிவத்துக்குப் பாடப்புத்தகம் சொல்லும் காரணமான எஸ்பி3 இனக்கலப்பையும் சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் புறவெளி மாற்றியத்துக்கு, அதாவது அணு இணைப்பு ஒன்றாகவே இருந்தும் வெளியில் நிற்கும் விதத்தில் வேறுபடும் மூலக்கூறுகளுக்கு, வந்ததும் அதே பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். அப்படிப்பட்ட இரண்டில் எது எது என்று பிரித்துச் சொல்லும் ஆர், எஸ் குறியீடு போடும் விதியை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். படத்தைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தால் விடை மாறிவிடும். பல வருடம் இதை நான் "பயிற்சி போதாது" என்றே எண்ணியிருந்தேன். இன்னும் பத்து கணக்கு கொடுப்பேன். அப்போதும் அப்படியே இருக்கும்.

கடலையும் ஈர்க்கும்

ஆய்வகத்தில் பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டி ஒன்று உண்டு. ஒன்றே ஒன்று. நாற்பது பேருக்கு நடுவில் அதைத் தூக்கிப் பிடித்துக் காட்டினால் முதல் பெஞ்சுக்குத்தான் தெரியும். பின்னால் இருப்பவருக்கு அது தூரத்தில் தெரிகிற இன்னொரு படம், அவ்வளவுதான். எல்லோர் கையிலும் ஏதாவது இருக்கட்டும் என்று ஒரு நாள் ராத்திரி கொண்டைக்கடலையை ஊறப்போட்டு, தென்னை ஈர்க்கை ஒடித்து, மறுநாள் வகுப்புக்குக் கொண்டுபோனேன். கடலையில் குத்திய ஈர்க்கு, கடலை காயக் காய இறுகிக்கொள்ளும். செலவு இல்லாத நல்ல வழி.

"மீத்தேன் செய்ங்க" என்றேன். ஐந்து நிமிடத்தில் பெஞ்சு பெஞ்சாகப் போய்ப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லோரும் செய்திருந்தது ஒரு கூட்டல் குறி. நடுவில் ஒரு கடலை, நாலு பக்கமும் நாலு ஈர்க்கு, பெஞ்சின் மேல் தட்டையாகப் படுத்துக் கிடக்கிறது. "இது என்ன வடிவம்?" என்று கேட்டால், அதைக் கையில் வைத்துக்கொண்டே "நான்முகி சார்" என்கிறார்கள். வார்த்தை ஒரு பக்கம், கை ஒரு பக்கம். பாடம் எங்கே நின்றுபோயிருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நோட்டில் கரும்பலகையைப் பார்த்து எழுதிய கட்டமைப்பு வாய்ப்பாடுதான் அவர்களுக்கு மீத்தேன். நான்முகி என்பது அதற்கு வைத்த பெயர்.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல எதுவும் இல்லை. 1865இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹோஃப்மன் என்ற வேதியியலாளர் மூலக்கூறுகளைக் காட்ட குரோக்கே விளையாட்டின் மரப்பந்துகளுக்கு வண்ணம் அடித்துக் கம்பியில் கோத்து மேசைமேல் வைத்தார். கார்பன் கறுப்பு, ஹைட்ரஜன் வெள்ளை, ஆக்சிஜன் சிவப்பு, நைட்ரஜன் நீலம், குளோரின் பச்சை. இன்றைக்கும் அந்த நிறங்கள்தான் நடப்பில் இருக்கின்றன. அவர் காட்டிய மீத்தேனும் தட்டையானதுதான். எங்கள் பிள்ளைகள் செய்த அதே கூட்டல் குறி. ஒன்பது வருடம் கழித்து, 1874இல், 22 வயது வான்ட் ஹாஃப் ஒரு பக்கமும் லெ பெல் இன்னொரு பக்கமும் கார்பனின் நாலு கைகளும் நான்முகியின் மூலைகளை நோக்கி நிற்கின்றன என்று தனித்தனியே சொன்னார்கள். வான்ட் ஹாஃப் அட்டையில் சின்னச் சின்ன நான்முகிகள் ஒட்டி மற்ற வேதியியலாளர்களுக்கு அனுப்பிவைத்தார். கோல்பே என்ற பெரிய பேராசிரியர் இதைக் கற்பனை என்று அச்சிலேயே கடுமையாகத் தாக்கினார். வேதியியலின் முதல் நோபல் பரிசு, 1901இல், இதே வான்ட் ஹாஃபுக்குத்தான் போனது. அது அவருடைய கரைசல் ஆய்வுகளுக்காக.

தட்டை மீத்தேனைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அதை வைத்தே மேலே போனோம். "இதில் ரெண்டு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ரெண்டு குளோரின் வையுங்க" என்றேன். குளோரினுக்குப் பச்சைப் பட்டாணி. சிலர் இரண்டு பட்டாணியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள், சிலர் எதிரெதிரே. இரண்டும் வேறு வேறு என்று அவர்களுக்கே தெரிந்தது. "அப்ப டைகுளோரோமீத்தேன் ரெண்டு விதமா இருக்கணும். ஆனா உலகத்துல ஒண்ணுதான் இருக்கு. 40 டிகிரி பக்கத்துல கொதிக்கிற ஒரே திரவம்" என்றேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. வீரவநல்லூர்ப் பையன் ஒருவன் மெதுவாக, "அப்ப இது தட்டையா இருக்க முடியாது, என்ன சார்?" என்றான். அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

அப்புறம் நாலு பலூன். ஒரே அளவு ஊதி, வாயைச் சேர்த்து முறுக்கிக் கட்டினால் அவை ஒன்றையொன்று தள்ளி, தாமாகவே நான்முகியாக நிற்கும். தட்டையாக அழுத்திப் பிடித்து விட்டால் மறுபடி எழும்பிவிடும். எலக்ட்ரான் இரட்டைகள் ஒன்றையொன்று விலக்குகின்றன என்ற வரியை இதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கடைசல் பட்டறை

கடலையில் ஈர்க்கைக் குத்தும் இடம் அவரவர் கைவாக்கில் அமைகிறது. கோணம் சரியாக வேண்டும் என்றால் துளை சரியாக வேண்டும். அம்பாசமுத்திரத்துக்கு மரச் சொப்பு சாமான் செய்யும் பெயர் உண்டு. உரல், உலக்கை, திருகை, குடம், அடுப்பு என்று விரல் அளவில் கடைந்து, சுழலும் கட்டையில் அரக்கை அழுத்தினால் சூட்டில் உருகி நிறம் ஏறும். எங்கள் ஊர் வீடுகளில் பெண் பிள்ளைகள் முதலில் சமைத்து விளையாடியது அதில்தான். அந்த வேலை செய்கிற அண்ணாச்சி ஒருவரிடம் போய், 30 மில்லிமீட்டர் விட்டத்தில் கறுப்பு உருண்டை, அதைவிடச் சின்னதாக வெள்ளை உருண்டை, சிவப்பு கொஞ்சம் வேண்டும் என்று கேட்டேன்.

"உருண்டை கடையுததுக்கு என்ன சார், சாயங்காலமே தந்துருவேன். ஓட்டை எங்கன போடணும்? அதச் சொல்லுங்க."

"நாலு ஓட்டை அண்ணாச்சி. எந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரே தூரம் இருக்கணும்."

அவர் ஒரு உருண்டையை விரல்களுக்குள் உருட்டிக்கொண்டே இருந்தார். "மூணுன்னா போட்டுருவேன். நாலு ஒரே தூரத்துலன்னா யோசிக்கணும், பாத்துக்கிடுங்க."

நானும் யோசித்தேன். கோளத்தின் மேல் நாலு புள்ளிகள் சம தூரத்தில் இருந்தால், அந்தத் தூரம் விட்டத்தைப் போல 0.8165 பங்கு, அதாவது மூன்றில் இரண்டு என்பதன் வர்க்கமூலம். 30 மில்லிமீட்டர் உருண்டைக்கு 24.5 மில்லிமீட்டர். கவராயத்தை 24.5க்குத் திறந்து, உருண்டையில் ஒரு புள்ளியில் ஊன்றிச் சுற்றிலும் ஒரு வட்டம் போட வேண்டும். அந்த வட்டத்தில் எங்கே வேண்டுமானாலும் ஒரு புள்ளி வைத்து, கவராயத்தை அதே திறப்பில் ஊன்றி நடத்தினால் வட்டத்தில் இன்னும் இரண்டு புள்ளிகள் விழும். மூன்றாவதிலிருந்து முதலாவதற்கும் அதே தூரம் வந்துவிட்டால் குறி சரி. துளை நேராக மையத்தை நோக்கி இறங்க அண்ணாச்சி ஒரு வழி செய்தார்: ஒரு கட்டையில் உருண்டை பாதி அமரும் அளவு குழி கடைந்து, அதைத் துளைக்கருவியின் நேர்கீழே பொருத்திவிட்டார். குறி உச்சியில் நின்றால் போதும், துளை மையத்துக்குத்தான் போகும்.

குறி போடும் வேலையை அவரே செய்கிறேன் என்றார். பிள்ளைகளே குறி போடட்டும் என்று நான் உருண்டைகளை வகுப்புக்கு எடுத்து வந்துவிட்டேன். இந்த முயற்சி முழுவதிலும் நான் செய்த உருப்படியான காரியம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. கடையில் வாங்கும் பெட்டியில் துளை ஏற்கனவே இருக்கிறது. குச்சியைச் செருகினால் கோணம் தானாக வந்துவிடும். பிள்ளை அதைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை. நினைப்பெல்லாம் துளை போட்டவருடையது. எங்கள் பிள்ளைகள் அந்த நினைப்பைத் தாங்களே கடந்து வர வேண்டியிருந்தது.

இரண்டு பாடவேளை போனது. கவராய முனை வழுக்கும். பென்சில் அரக்கின் மேல் பிடிக்காது. சிலர் விட்டத்தைத் தப்பாக அளந்தார்கள். அவர்கள் நடத்திய கவராயம் முதல் புள்ளிக்குத் திரும்பி வரவில்லை. ஒரு பிள்ளை மூன்று முறை அழித்துப் போட்டு, நாலாம் முறை சரியாக வந்தபோது உருண்டையை எப்படித் திருப்பினாலும் மேலே ஒன்று, கீழே மூன்று என்று ஒரே மாதிரி நிற்பதைப் பார்த்துவிட்டு, "சார், இதுல எது மேல எது கீழன்னே கிடையாது!" என்றாள். மீத்தேனின் நாலு ஹைட்ரஜனும் சமம் என்பதை இதைவிடத் தெளிவாக நான் ஒருநாளும் சொன்னதில்லை.

குச்சிக்கு மூங்கில். இரட்டைப் பிணைப்புக்கு மீன் தொட்டியில் காற்று போகும் குழாயை வெட்டி இரண்டு துண்டுகளை வளைத்துச் செருகினோம். பியூட்-2-ஈனில் இரண்டு மெத்தில் தொகுதிகளும் ஒரே பக்கம் நிற்கும் சிஸ் வடிவத்தை முறுக்கி, எதிரெதிர்ப் பக்கம் நிற்கும் ட்ரான்ஸ் ஆக்கப் பார்த்த பையன், "விட்டா திரும்பிருது சார்" என்றான். ஒரு குழாயைப் பிடுங்கினால்தான் மாற்ற முடிந்தது. இரட்டைப் பிணைப்பில் இரண்டாவதான பை பிணைப்பு உடையாமல் ஒன்று மற்றொன்றாக மாறாது என்ற பாடம் அங்கேயே முடிந்தது. வளையஹெக்சேன் அதைவிடச் சுலபம். ஆறு கறுப்பு உருண்டையை வளையமாகக் கோத்தால் எவ்வளவு அழுத்தினாலும் தட்டையாகப் படுக்காது. மடிந்து நாற்காலியாகிவிடும், பெஞ்சில் வைத்தால் கீழ்நோக்கும் மூன்று ஹைட்ரஜன் மேல் முக்காலியாக நிற்கும். இந்த வடிவத்தை 1890இலேயே சாக்ஸெ என்பவர் சொல்லியிருந்தும் வெகுகாலம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வச அமைப்புகளை, அதாவது பிணைப்பு உடையாமல் சுழன்று மடிந்தே மூலக்கூறு எடுக்கும் வடிவங்களைப் பற்றிய வேலைக்காக ஹாசலும் பார்ட்டனும் நோபல் பரிசு வாங்கியது 1969இல்.

மோரும் புளியும்

நான் அதிகம் எதிர்பார்த்தது பிஷர் வீழ்ப்பில், அதாவது நான்முகியைத் தாளில் கூட்டல் குறியாகத் தட்டையாக்கி எழுதும் முறையில். பத்தமடைப் பிள்ளை ஒருத்தி, வகுப்பில் நன்றாகப் படிப்பவள். லாக்டிக் அமிலத்தின், அதாவது மோர்ப் புளிப்பின், பிஷர் வாய்ப்பாட்டை எழுதித் தாளை 90 டிகிரி திருப்பி, "ரெண்டும் ஒண்ணுதான சார்? தாளத்தான திருப்புனேன்" என்றாள். விதிப்படி தப்பு, 180 திருப்பலாம், 90 திருப்பக் கூடாது. விதியைச் சொல்லியிருந்தால் எழுதிக்கொண்டிருப்பாள்.

"எம்மா, முதல் படத்தைப் பார்த்து ஒண்ணு செய். திருப்புன படத்தைப் பார்த்து இன்னொண்ணு செய்" என்றேன். பிஷர் வீழ்ப்பில் குறுக்கே இருக்கும் இரண்டு கைகளும் நம்மை நோக்கி வருகின்றன. மேலும் கீழும் இருப்பவை பின்னால் போகின்றன. அவள் ஒன்றைச் செய்து வைத்தாள். இரண்டாவதையும் செய்தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒன்றின் மேல் ஒன்று பொருத்திப் பார்த்தாள். கார்பாக்சிலும் மெத்திலும் பொருந்தினால் ஹைட்ராக்சிலும் ஹைட்ரஜனும் இடம் மாறி நின்றன. அவை பொருந்தினால் இவை மாறின. ஐந்தாறு நிமிடம் யாரிடமும் பேசாமல் திருப்பிக்கொண்டே இருந்தாள். பிறகு தாளை எடுத்து மறுபடி 90 திருப்பி, விரலால் குறுக்குக் கோட்டைத் தொட்டு, "முன்னால வந்த கை, தாளத் திருப்புனதும் பின்னால போயிருதே சார்" என்றாள். விதி அவளுடையதாகிவிட்டது. பிறகு பக்கத்து பெஞ்சுக்கும் அவளே சொல்லிக் கொடுத்தாள். நான் குறுக்கே போகவில்லை.

அடுத்தது டார்டாரிக் அமிலம். வீட்டுப் புளியில் இருக்கிற அமிலம், செப்புப் பாத்திரத்தைத் தேய்த்தால் பளபளக்க வைப்பது. இரண்டு சீர்மையற்ற கார்பன்கள், அதாவது நாலு கையிலும் நாலு வேறு தொகுதிகள் பிடித்த கார்பன்கள், உள்ளது. படம் எதுவும் தராமல் அணு இணைப்பை மட்டும் சொல்லிச் செய்யச் சொன்னேன். இருபது மாதிரிகள் மேசைக்கு வந்தன. "ஒண்ணு போல இருக்குறத ஒண்ணா வைங்க" என்றதும் பிள்ளைகள் சுற்றி நின்று குச்சியைச் சுழற்றி, திருப்பி, பொருத்தி, மூன்று குவியலாகப் பிரித்தார்கள். முதல் குவியலின் ஆடி பிம்பம் இரண்டாவது குவியலில் இருந்தது. மூன்றாவது குவியலில் இருந்ததைக் கண்ணாடி முன் பிடித்து, கண்ணாடியில் தெரிந்ததைச் செய்து பார்த்தால், அதுவும் அதே குவியலில் போய்ச் சேர்ந்தது. மீசோ வடிவம், உள்ளுக்குள்ளேயே ஒரு சீர்மைத் தளம் உள்ளது.

1848இல் லூயி பாஸ்டர் செய்ததும் இப்படி ஒரு பிரிப்புதான். டார்டாரிக் அமில உப்பு ஒன்றின் படிகங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, வலப்பக்கம் சாய்ந்தவை, இடப்பக்கம் சாய்ந்தவை என்று கையால் பொறுக்கினார். தனித்தனியே கரைத்தபோது முனைவுற்ற ஒளியை, அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியை, ஒன்று வலமும் மற்றது இடமும் சுழற்றின. அணுக்கள் எப்படி நிற்கின்றன என்று அன்றைக்கு எந்தப் படமும் கிடையாது. வான்ட் ஹாஃப் வருவதற்கு இன்னும் 26 வருடம் இருந்தது. இதைச் சொல்லிவிட்டு, புளியில் இருப்பது மூன்று குவியலில் ஒரே ஒரு குவியல்தான் என்றும் சொன்னேன். வலச்சுழற்சி உடையது. கல்லிடைக்குறிச்சிப் பையன் அந்தக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து, "அப்ப புளி மரத்துக்கு எது வேணும்னு தெரிஞ்சிருக்கு" என்றான். நொதிகளுக்கும் இடம், வலம் உண்டு என்று பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் மூலக்கூறுகளில் வரப்போவதற்கு அது நல்ல வாசலாக அமைந்தது.

மாதிரியைக் கையில் வைத்து யோசித்தது வெளிநாட்டில் மட்டும் நடந்ததில்லை என்றும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் நம் தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் புரதத்துக்கு மூன்று இழை முறுக்கு அமைப்பை 1954இல் முன்வைத்தார்கள்.

எங்கே தடுக்கியது

எல்லாம் நன்றாகப் போகிறது என்று எண்ணி, உருண்டைகளைப் பெட்டியில் பூட்டிவிட்டு ஒரு தேர்வு வைத்தேன். கையில் சரியாகச் செய்தவர்களில் பலர் தாளில் விழுந்துவிட்டார்கள். மாதிரியை விரலால் திருப்பத் தெரிந்தவருக்கு, படத்தை மனதில் திருப்பத் தெரியவில்லை. ஒரு பெற்றோர் முன்னமே என்னிடம், "நீட் பரீட்சைக்கு இத எடுத்துட்டுப் போக முடியுமா சார்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அப்போது என்னிடம் பதில் இல்லை.

பிறகு முறையை மாற்றினேன். இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் தன் மாதிரியைப் பார்த்து, முன்னால் வரும் கைக்கு ஆப்புக்கோடும் பின்னால் போகும் கைக்குப் புள்ளிக்கோடும் போட்டுப் படம் வரைய வேண்டும். மாதிரியைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். மற்றவர் படத்தை மட்டும் பார்த்து மாதிரி செய்ய வேண்டும். பையிலிருந்து எடுத்துப் பொருத்திப் பார்த்தால் வரைந்தவர் தப்பா, செய்தவர் தப்பா என்று அவர்களே சண்டை போட்டுக் கண்டுபிடிப்பார்கள். மூன்றாவது வாரம், செய்வதற்கு முன் "பொருந்துமா, பொருந்தாதா" என்று எழுதி வைத்துவிட்டுத்தான் உருண்டையைத் தொடலாம் என்றேன். நாலாவது வாரம் சந்தேகம் வந்தவர் மட்டும் எடுக்கலாம். பிஷரில் தடுமாறிய பத்தமடைப் பிள்ளை அந்த வாரம் பெட்டிப் பக்கமே வரவில்லை; ஆனால் எழுதும்போது அவள் இடது கை காற்றில் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

அதன்பின் வைத்த தேர்வில் திருப்பிக் கொடுத்த படங்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தேறினார்கள். எல்லோரும் தேறவில்லை. சிலருக்கு உருண்டையிலும் தெரியவில்லை, தாளிலும் தெரியவில்லை. அவர்களுக்கு இன்னும் வேறு வழி தேட வேண்டும்.

மாதிரி சொல்லித் தரும் தப்புகளையும் சொல்லிவிட வேண்டும். குச்சி இருப்பதால் அணுவுக்கும் அணுவுக்கும் நடுவில் வெற்றிடம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் எலக்ட்ரான் மேகங்கள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்திருக்கின்றன. மூங்கில் குச்சி தடையில்லாமல் சுழல்கிறது. ஈத்தேனில் அந்தச் சுழற்சிக்கு மோலுக்குச் சுமார் 12 கிலோஜூல் தடை உண்டு. ஆக்சிஜன் உருண்டையிலும் நாங்கள் அதே நாலு துளையைப் போட்டு இரண்டைக் காலியாக விட்டோம். தண்ணீரில், பிணைப்பில் சேராத தனித்த எலக்ட்ரான் இரட்டைகள் அதிகம் தள்ளுவதால் கோணம் 104.5 டிகிரிக்கு ஒடுங்குகிறது. அது மரத்தில் வராது. இரண்டாம் நாளே ஒரு பையன் ஆக்சிஜன் சிவப்பாக இருக்குமா என்று கேட்டான். திரவ ஆக்சிஜன் வெளிர் நீலம் என்றதும் வகுப்பே திரும்பிப் பார்த்தது. இப்போது பெட்டியைத் திறக்கும் முதல் நாளே, இந்த உருண்டை எதில் உண்மை, எதில் உண்மை இல்லை என்று பிள்ளைகளைக் கொண்டே பட்டியல் போட வைக்கிறேன்.

நேரக் கணக்கு: பாடத்திட்டத்தில் ஒதுக்கியதைவிட ஆறு பாடவேளை அதிகம் ஆனது. அதில் இரண்டு, குறி போட்டதற்கு. பாடம் முடிய வேண்டாமா என்று சக ஆசிரியர்கள் கேட்டார்கள். சனிக்கிழமைகளில் ஈடு செய்தேன். அடுத்த முறை பலூனையும் கடலையையும் ஒரே வேளையில் முடித்து ஒன்றை மிச்சப்படுத்தலாம். குறி போடும் இரண்டில் மட்டும் கை வைக்க மாட்டேன்.

இந்த வருடப் பதினொன்றாம் வகுப்புக்கு உருண்டைகள் வந்துவிட்டன, துளை இல்லாமல். கூடவே நீல நிறத்திலும் கொஞ்சம் கேட்டிருந்தேன். கொண்டுவந்து கொடுக்கும்போது அண்ணாச்சி, "நீலத்துக்கும் அதே 24.5தானா சார், இல்ல பிள்ளைங்களே அளந்து சொல்லுமா?" என்று கேட்டார். அளந்து சொல்வார்கள் என்றேன்.